சோளகக் காலமும் வீட்டுத் தோட்டமும்

மன்னார்த் தீவிலே வைகாசி மாதம் பிறந்ததும் காற்றுத் திசை மாறுகின்றது. தென்மேற்கிலிருந்து எழும் சோளகம் புரட்டாசிவரை ஏறத்தாழ ஐந்து மாதகாலம் வீசுகின்றது. கடற்றொழிலாளர் இக்காற்றுக்கேற்பத் தம் தொழிலை மாற்றிக்கொள்வர். தென்கரையை விட்டு வடகரையிலே வாடி அமைப்போரும் உளர். இக்காற்றின் வலிமையைக் கணக்கிட்டே, தீவின் தென்கரையோரமாக 30 காற்றாடிகளைக் கொண்ட மின்னாக்க நிலையம் ஒன்று 2020 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. கடலோடிக்கும் பொறியியலாளனுக்கும் இவ்வளவு நன்றாகத் தெரிந்த இக்காற்றைப்பற்றி, வீட்டு முற்றத்தில் ஓர் எலுமிச்சங்கன்றையோ மல்லிகைப் பதியனையோ நட்டு வளர்க்கும் இல்லத்தவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மாரியிலே தளிர்த்த கன்று ஆடியிலே பட்டுப்போனால், வெயில் கொன்றுவிட்டது என்று கூறி விட்டுவிடுகின்றனர். உண்மையிலே கன்றைக் கொன்றது வெயில் மட்டுமன்று.

இதனைத் தெளிவாக உணர்வதற்கு, மன்னாருக்கு முற்றிலும் மாறான ஒரு நாட்டுத் தோட்டத்தைச் சற்று நோக்குதல் நல்லது. குளிர்நாடுகளிலே ஹைட்ரேஞ்சியா என்னும் பூச்செடியைப் பெரிதும் விரும்பி வளர்க்கின்றனர். யப்பான் நாட்டுக்குரிய செடி அது. சிறுசிறு பூக்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கித் திரண்டு, ஒரு மனிதத் தலையளவு பெருத்த கொத்தாக நிற்கும். நீர்க்கலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. விதைக்கூட்டின் வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் அஃது எனினும், நீரை அவாவி நிற்கும் அச்செடியின் இயல்புக்கும் அது பொருந்திவிட்டது. இலங்கையில் அதனைக் காண விரும்புவோர் நுவரெலியாவுக்கும், 1861 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அக்கலைப் பூங்காவுக்கும் செல்லலாம். மன்னாரின் சுண்ணாம்பு கலந்த மணலில் அது வளராது. ஒருவேளை தொட்டியில் வைத்து வளர்த்தாலும், புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும் அச்செடி இங்கு இளஞ்சிவப்பாகவே பூக்கும்.

அச்செடியின் இயல்பு ஒன்று கவனிக்கத்தக்கது. பெருங்கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா இனம், அடுத்த ஆண்டு பூக்கவேண்டிய மொட்டை இவ்வாண்டின் கோடை முடிவிலேயே தன் பழைய தண்டின் நுனியில் உருவாக்கி வைத்துக்கொள்கின்றது. இலைகள் உதிர்ந்தபின் வெறுங்குச்சியாய் நிற்கும் தண்டிலேதான் வரும் ஆண்டின் மலர் அடங்கியிருக்கின்றது. நீர் உறையும் நிலைக்குக் கீழே 15 அல்லது 18 செல்சியசு பாகை அளவுக்குக் குளிர் இறங்கினால் அம்மொட்டுக் கருகிவிடும். வேர் சாவதில்லை. வசந்தம் வந்ததும் அடியிலிருந்து செழிப்பாகத் தளிர்க்கும், ஆனால் பூக்காது. இக்காரணத்தை அறியாத பலர், நல்ல செடியை மலட்டுச் செடி என்று பழித்துப் பிடுங்கி எறிவதுண்டு. குச்சி காய்ந்துவிட்டது என்று கருதி மாரியிலேயே வெட்டிவிடுவோரும் உண்டு. அவர்கள் வெட்டுவது அடுத்த ஆண்டின் பூவை.

குளிரிலே அச்செடிக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு தாகத்தால் நேர்வது என்பதைப் பலர் அறியார். நிலம் உறைந்து கல்லாகிவிடும்போது வேர் நீரை உறிஞ்ச முடிவதில்லை. அதேவேளையில் வறண்ட குளிர்காற்று தண்டிலும் மொட்டிலும் உள்ள ஈரத்தை இடைவிடாது கவர்ந்து செல்கின்றது. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. ஆகவே அந்நாட்டுத் தோட்டக்காரர், நிலம் உறைவதற்கு முன்பே வேருக்கு நிறைய நீர் வார்க்கின்றனர். செடியைச் சுற்றிக் கம்பிவலையை வளைத்து, அதனுள் உதிர்ந்த இலைகளையும் வைக்கோலையும் நிரப்புகின்றனர். காற்று வரும் திசையிலே சாக்குத் திரை கட்டுகின்றனர். கோடை கழிந்தபின் உரம் இடுவதில்லை. இட்டால் இளந்தளிர் கிளம்பும், முதற் பனியிலேயே அத்தளிர் மாண்டுவிடும். வாடிக் காய்ந்த பூங்கொத்தைக்கூட வசந்தம்வரை தண்டிலேயே விட்டுவைக்கின்றனர். அழகுக்காக அன்று; கீழேயுள்ள மொட்டுக்கு அது குடையாக நிற்கும் என்பதற்காகவே.

தமிழ்த் தோட்டக்காரர்க்கும் இவ்வேலை புதிதன்று. நீலகிரியிலே கார்த்திகைக்குப்பின் புல்வெளிமேல் உறைபனி படியும்போது, உதகமண்டலத்துத் தாவரவியற் பூங்காத் தொழிலாளர் கோத்தகிரி மிலார் எனப்படும் செடியின் கிளைகளை வெட்டிவந்து பூச்செடிகளின்மேல் மூடிவைப்பர். இலையிற் படிந்த பனி வெயில் ஏறுமுன் கரையுமாறு விடியற்காலையில் நீர் தெளிப்பதும் உண்டு. நுவரெலியா வட்டாரத்திலும் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளிலே பனி விழுந்து தேயிலைக் கொழுந்து தீய்ந்ததுபோலாவதை மலையகத்தார் நன்கறிவர். தீ எரித்தாற்போலவே பனியும் எரிக்கும் என்பது அவர்கட்கு வியப்பான செய்தியன்று.

இனி மன்னாருக்குத் திரும்பலாம். இங்கு உறைபனி இல்லை. மாரியும் நிலத்தை உறையச் செய்வதில்லை. ஆனால் செடியின் வரவு செலவுக் கணக்கு மட்டும் அதே கணக்குத்தான். மன்னாருக்கு ஆண்டொன்றிலே கிடைக்கும் மழை ஏறத்தாழ 40 அங்குலம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் இடியுடன் சிறிது மழை கிடைக்கலாம். அதன்பின் யூன், யூலை, ஓகஸ்ட் ஆகிய மூன்று மாதமும் வானம் பெரும்பாலும் வெறுமையே. மணல் நிலமாதலால் பெய்த நீர் மேலே தங்குவதில்லை. வைகாசி கழியுமுன் மேலடுக்கு மணல் காய்ந்துவிடுகின்றது. அங்கே உறைந்த மண். இங்கே உலர்ந்த மணல். இரண்டிலும் வேர் வெறுங்கையுடன் நிற்கின்றது.

இந்நிலையிலேதான் சோளகம் வருகின்றது. இலையின் அடிப்புறத்திலே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக நீராவி வெளியேறி, இலையை ஒட்டி மெல்லிய ஈரப்போர்வை ஒன்றை உண்டாக்கும். காற்றற்ற வேளையிலே அப்போர்வை இலையைக் காக்கும். காற்று வீசினால் போர்வை கணந்தோறும் கலைந்துபோக, இலை மேலும் மேலும் நீரை இழக்கும். கடற்காற்றோ தன்னோடு உப்புத் திவலைகளையும் கொணர்கின்றது. அவை இலையோரத்திற் படிந்து உலர்ந்து, இலைக்குள்ளே இருக்கும் நீரையும் வெளியே இழுக்கின்றன. சோளகத்திலே எலுமிச்சை இலையின் விளிம்பு முதலிலே கபில நிறமாகி உள்நோக்கிக் காய்ந்துவருவதைக் கண்டோர் இவ்விரண்டின் கூட்டு வேலையையே கண்டனர்.

இத்தீவுக்கென்றே பிறந்தவை போன்ற தாவரங்கள் இத்தொல்லைக்கு எவ்வாறு விடை கண்டிருக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். மன்னாரிலும் எதிரே இராமேசுவரத்திலும் காணப்படும் உடைமரம் குடைபோலத் தட்டையாகப் படர்ந்து, மிகச் சிறிய இலைகளையே விடுகின்றது. கரைமணலிலே இராவணன் மீசை ஊசிபோன்ற இலையோடு நிற்கின்றது. அடம்பன்கொடி உயராமல் நிலத்தோடு நிலமாய்ப் பின்னிக் கிடக்கின்றது. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தையோ உலகமே வந்து பார்க்கின்றது. அரபு வணிகர் கொணர்ந்ததெனக் கூறப்படும் அம்மரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேற்பட்டது. ஆபிரிக்காவின் வறண்ட நிலத்துக்குரிய அவ்வினம் வறட்சிக் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, பஞ்சுபோன்ற தன் அடிமரத்திலே நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும். ஹைட்ரேஞ்சியா பனிக்கு அஞ்சி இலையை உதிர்க்கின்றது. பெருக்கமரம் வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கின்றது.

வீட்டுத் தோட்டத்துச் செடிகட்கு இத்தகைய ஆற்றல் குறைவு. எலுமிச்சை, மாதுளை, மா, கறிவேப்பிலை, மல்லிகை, தென்னங்கன்று ஆகியவை மனிதன் கை பார்த்து வாழ்வன. போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் மன்னார்ப் பெருநிலத்து ஊர்களுக்கும் தீவுக்கும் திரும்பிய காலத்தில் இவ்வுண்மை கண்கூடாயிற்று. பனை நின்றது, வேம்பு நின்றது, உடையும் முட்புதரும் வளவை நிறைத்து நின்றன. கை பார்த்து வாழ்ந்த மரங்கள் பெரும்பாலும் இல்லை. அவ்வாறு திரும்பியவர் மறுபடி நட்ட ஒரு தென்னங்கன்றும் ஓர் எலுமிச்சையும், வேறிடத்து மனிதர்க்குச் சிறிய பொருளாகத் தோன்றலாம். பத்தாண்டுக்கு மேல் பிறர் வளவிலே வாழ்ந்து வந்தவர்க்கு அஃது அவ்வளவு சிறிய பொருளன்று. அக்கன்று முதற் சோளகத்தில் மடிந்தால் மறுபடி நடுவார். இரண்டாம் சோளகத்திலும் மடிந்தால், இந்த மண்ணில் எதுவும் வராது என்று கூறிக் கைவிடுவார். வராது என்பது உண்மையன்று. காலமும் முறையும் தவறியமையே காரணம்.

காலத்தை முதலில் எடுத்துக்கொள்வோர் தவறமாட்டார். உலகச் சுற்றாடல் தினம் 1973 ஆம் ஆண்டு முதல் யூன் 5 ஆம் நாளிலே கொண்டாடப்பட்டுவருகின்றது. அந்நாளிலே பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் மரக்கன்று நடுதல் ஒரு சடங்காகிவிட்டது. இலங்கையின் தென்மேற்குப் பகுதியிலே அது மழைக்காலம். அங்கு நட்டால் கன்று தானே பிழைக்கும். மன்னாரிலோ அது சோளகம் முற்றும் நேரம். அதற்குமேல், ஓகஸ்ட் மாதத்திலே பாடசாலைகட்கு விடுமுறை வந்துவிடுகின்றது. நீர் வார்த்த பிள்ளைகள் வீட்டில் இருக்க, கன்று காற்றில் நிற்கின்றது. விடுமுறை கழிந்து வந்த பிள்ளை தன் பெயர் எழுதிய பலகை மட்டும் மணலில் நிற்கக் காண்கின்றது. விழாவை யூனில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அன்று விதையிடலாம், பதியன் வைக்கலாம், நிழற் பந்தலிலே நாற்றுப் பராமரிக்கலாம், முன்பு நட்டவற்றிற்கு வேலி கட்டலாம். நிலத்திலே நடும் வேலையை மட்டும் ஐப்பசி மழைக்கு விட்டுவிட வேண்டும். ஐப்பசியில் நட்ட கன்றுக்குச் சோளகம் வருமுன் ஏழு மாதம் கிடைக்கின்றது. அந்த ஏழு மாதத்தில் அது வேரைக் கீழே இறக்கிவிடும்.

நடும் குழியைப்பற்றி ஒரு சொல். மணலை மட்டும் தோண்டி மணலையே நிரப்பினால் வார்த்த நீர் சல்லடையிலே வார்த்தது போலாகும். மூன்றடிக் குழி எடுத்து, அடியிலே தென்னம் பொச்சுமட்டைகளை உட்குழிந்த பக்கம் மேலாக இரண்டு அடுக்கு அடுக்கி, அதன்மேல் குளத்து வண்டலும் மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்புதல் நன்று. பொச்சு நீரைப் பஞ்சுபோலக் குடித்து வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். லுணுவிலையில் 1929 இல் தொடங்கப்பட்ட தெங்கு ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குப் பொச்சுக் குழி முறையைப் பரிந்துரைத்துவருகின்றது. தென்னைக்குப் பயன்படுவது எலுமிச்சைக்கும் பயன்படும்.

ஆயத்தத்தின் முக்கிய வேலை சித்திரையிலே தொடங்குகின்றது. சித்திரை மழை பெய்து நிலம் நனைந்திருக்கும்போதே மூடாக்கு இடவேண்டும். காய்ந்த மணலின்மேல் இட்ட மூடாக்கு, வெறும் பானையை மூடிய மூடியே. அவ்வாண்டு சித்திரை மழை பொய்த்தால், கிணற்று நீரால் நன்றாக நனைத்து அதன்பின் மூடலாம். பனையோலைத் துண்டு, காய்ந்த இலை, வைக்கோல், உமி எதுவாயினும் ஆகும். நான்கு விரற்கடைக் கனத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். கடற்கரையிலே ஒதுங்கும் சாதாழையும் சிறந்த மூடாக்கு. ஆனால் அதனை ஒரு மாரி முழுதும் மழையிலே கிடக்கவிட்டு உப்பு நீங்கியபின்பே இடவேண்டும். அவசரப்பட்டு அள்ளி வந்து இட்டவர் செடிக்குக் காற்று கொணரும் உப்புப் போதாதென்று கையாலும் உப்பிட்டவராவர். எதனை இட்டாலும் அடித்தண்டைத் தொடாதபடி சிறிது இடைவெளி விடுதல் அவசியம். இல்லையேல் கறையான் மூடாக்கின் வழியே தண்டுக்கு ஏறிவிடும்.

அடுத்தது காற்றுத் தடுப்பு. இவ்விடயத்தில் பழைய மன்னார் வீடுகட்கு இருந்த அறிவு புதிய வீடுகட்கு இல்லை. முன்னர் வளவைச் சுற்றிப் பனையோலை வேலியோ கிடுகு வேலியோ நின்றது. இன்று சீமெந்துக் கல் மதிலும் தகரமும் நிற்கின்றன. மதில் காற்றை முற்றாக மறிக்குமே, அது நல்லதன்றோ என்று தோன்றும். முற்றாக மறிக்கப்பட்ட காற்று மதிலின்மேலே ஏறி, மறுபுறம் சுழன்று கீழே விழுகின்றது. மதிலுக்குச் சற்றுத் தள்ளி நட்ட செடி அச்சுழலில் அகப்பட்டுத் திருகப்படும். தகரமோ வெயிலிலே காய்ந்து பக்கத்திலுள்ள தளிரை வாட்டும். ஓலை வேலி காற்றிலே ஒரு பங்கைத் தன்னூடு விட்டு, மீதியை மட்டும் மேலே திருப்பும். ஆதலால் சுழல் உண்டாவதில்லை. பாதி அடைப்பும் பாதித் திறப்புமாக உள்ள தடுப்பே மிகச் சிறந்ததென்று இன்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அத்தகைய தடுப்பின் பயன் அதன் உயரத்தைப்போல் ஐந்தாறு மடங்கு தூரத்துக்கு நன்றாகவும், பத்து மடங்கு தூரம்வரை ஓரளவுக்கும் தெரியும். ஆறடி வேலி முப்பதடி முற்றத்தைக் காக்கும். மதில் கட்டிவிட்டவர் அதனை இடிக்கவேண்டியதில்லை. செடிக்குத் தென்மேற்கே மூன்றடி தள்ளி, மூன்று தடி நட்டு, ஓலையை நெருக்கமின்றிக் கட்டினாற் போதும்.

இத்தடுப்பினால் மற்றுமொரு பயனும் உண்டு. மன்னாரின் தெருக்களிலே கட்டாக்காலியாய்த் திரியும் கழுதைகளைப் பார்க்க வெளியூரார் ஆவலுடன் வருகின்றனர். தோட்டம் வைத்திருப்போரின் ஆவல் வேறு வகையினது. கோடையிலே பச்சை கண்ட இடத்துக்கு ஆடும் கழுதையும் வந்துசேரும். ஓலையோடு நாலைந்து உடைமுள்ளையும் சேர்த்துக் கட்டினால் காற்றுக்கும் கழுதைக்கும் ஒரே செலவிலே தடுப்பு அமைந்துவிடும்.

நிலையான தடுப்பை விரும்புவோர் பூவரசு, கிளுவை, தாழை முதலியவற்றை வளவின் தென்மேற்கு எல்லையிலே நெருக்கமாக நடலாம். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது வழக்கு. இதனைத் தோட்டத்துக்கும் கொள்ளலாம். ஒன்றையொன்று மறைக்கும்படி கூட்டமாக நட்ட செடிகள், வெளியிலே தனித்தனியாக அழகு பார்த்து நட்ட செடிகளைவிடச் சோளகத்தை நன்றாகத் தாங்கும். கூட்டத்தின் காற்றுப்பக்கத்துச் செடி கருகும். அதன் கருகிய இலைகளை யாரும் கோடையிலே களைந்துவிடலாகாது. ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தைப்போலவே அவை பின்னால் நிற்பவற்றுக்குத் திரையாகின்றன. கவ்வாத்து வேலை மழை தொடங்கியபின் செய்யவேண்டியது. சித்திரையிலே வெட்டிவிட்டால் வைகாசியிலே இளந்தளிர் கிளம்பி, கிளம்பியவுடனே காற்றுக்கு இரையாகும். தழைச்சத்து உரமும் அவ்வாறே. பங்குனிக்குப்பின் இடுவது செடிக்குச் செய்யும் உதவியன்று.

நீர் வார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. நாள்தோறும் மாலையில் ஒரு செம்பு நீர் தெளித்துச் செல்வது பலர் வழக்கம். அந்நீர் மேல்மணலிலே இரண்டு விரற்கடை நனைத்து மறுநாள் காலையிலே மறைந்துவிடும். வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலே வரும். மேலே வந்த வேர் முதலிலே சாகும். கிழமைக்கு இருமுறை, குழி முழுதும் ஊறும்படி ஆறுதலாக வார்ப்பதே பயனுடையது. வெளியூர் செல்லும் குடும்பத்தார்க்கு மண்பானை முறை ஏற்றது. மெருகிடாத ஒரு பானையைச் செடிக்கு ஒரு முழத்துக்குள்ளாகக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டால் பானையின் சுவரூடாக நீர் கசிந்து வேருக்குச் சேரும். மண் காய்ந்தால் அதிகம் கசியும், நனைந்திருந்தால் குறையும். சீனதேசத்து வேளாண்மை நூலொன்று 2000 ஆண்டுகட்கு முன்னரே இதனைக் கூறியிருக்கின்றது. வாயை மூடாவிட்டால் நுளம்பு முட்டையிடும். டெங்கு நோயுள்ள நாட்டிலே அதனை மறத்தல் கூடாது. வண்ணம் பூசிய பானையும் சீமெந்துப் பானையும் உதவா. வாங்குமுன் நீரை நிரப்பி வைத்துப் பார்த்து, வெளிப்புறம் வியர்த்தால் மட்டும் வாங்கலாம்.

கிணற்றைப்பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தீவின் மணலடியிலே உள்ள நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கின்றது. இத்தகைய நிலத்திலே கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதாவது மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவராகிவிடும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதன் கைவலியே இதற்குக் காவலாக இருந்தது. மின்சாரப் பொறிக்குக் கைவலி இல்லை. ஒரே மூச்சில் இறைத்தால், ஆவணியிலே எலுமிச்சைக்கென்று இறைத்த நீரே எலுமிச்சையைக் கொல்லும். காலையிற் சிறிது, மாலையிற் சிறிதென இடைவிட்டு இறைத்தலே தகும். சற்று உவர்ப்பேறிய நீரை வார்க்க நேர்ந்தால் வேருக்கு மட்டும் வார்க்கவேண்டும், இலைமேற் படக்கூடாது. இலைமேல் தெளிக்கத் தக்கது நல்ல நீரே. அதுவும் கிழமைக்கொருமுறை அதிகாலையிலே தெளித்தால், படிந்த உப்புக் கழுவப்பட்டு வெயிலேறுமுன் இலை உலர்ந்துவிடும். அரிசி, காய்கறி கழுவிய நீர் எந்தச் செடிக்கும் ஆகும். கருவாடும் உப்பிட்ட மீனும் கழுவிய நீர் எதற்கும் ஆகாது. மன்னாரிலே இதனைச் சொல்லத்தான் வேண்டியிருக்கின்றது.

இவ்வளவு செய்தும் சில செடிகள் ஆடி, ஆவணியில் இலை முழுவதையும் உதிர்த்து நிற்பதுண்டு. மாதுளை நிற்கும்; சில வேளை எலுமிச்சையும் நிற்கும். அதனைக் கண்டதும் பட்டுவிட்டது என்று பிடுங்கிவிடுவது பெருந்தவறு. தண்டின் தோலைக் கட்டைவிரல் நகத்தாலே மெல்லக் கீறிப் பார்க்கவேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கின்றது. நுனியிற் பச்சை இல்லையாயின் சிறிது கீழே, அங்கும் இல்லையாயின் அடித்தண்டிலே கீறிப் பார்க்கவேண்டும். குளிர்நாட்டார் வசந்தத்திலே ஹைட்ரேஞ்சியாவை இவ்வாறே சோதிக்கின்றனர். இலையற்ற செடிக்கு நீர்ச்செலவு குறைவு. அதற்கு நிறைய வார்த்தால் வேர் அழுகும். கிழமைக்கு ஒருமுறை ஈரம் காட்டினாற் போதும். ஒட்டுச் செடியாயின் பச்சை ஒட்டுக்கு மேலே இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர் வேறு மரத்தின் தளிர்.

புரட்டாசியிலே காற்றுத் தணியத் தொடங்கும். ஒரு நாள் சாரலும் விழலாம். அன்றே தடுப்பையும் மூடாக்கையும் எடுத்துவிட்டால், நிழலிலே பழகிய இலை திடீர் வெயிலிலே வெந்துவிடும். நீலகிரியிலும் மூடிய கிளைகளைப் பனிக்காலம் முடியுமுன் எடுப்பதில்லை. முதலிலே மேல்நிழலைக் குறைத்து, ஐப்பசி மழை உறுதியாக இறங்கியபின் ஓலையை அவிழ்க்கலாம். உவர்நீர் வார்த்த பாத்திகளின் வரம்பை அம்மழைக்கு உயர்த்திக் கட்டினால், தேங்கிய மழைநீர் உப்பைக் கீழே கழுவிச்செல்லும். கவ்வாத்தும் உரமும் அப்போதே. மக்கிய மூடாக்கைக் குழிக்குள் கொத்திவிடலாம்.

தாழ்வுபாடு முதலிய தென்கரை ஊர்கட்கு இத்துடன் ஆண்டு வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. பேசாலை முதலிய வடகரை ஊர்கட்கு முடிவதில்லை. கார்த்திகையிலே வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி நேரே அங்கு வந்து ஏறும். மழையோடு வருவதாதலால் அது சோளகத்தைப்போல் வறட்டுவதில்லை. எனினும் தையிலே மழை ஓய்ந்தபின்னும் சில கிழமை வீசி, உப்பைக் கொண்டுவந்து தளிரிற் படிக்கும். ஆகையினால் அவ்வூரார் தென்மேற்கில் அவிழ்த்த ஓலைகளை எரித்துவிடாமல், நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, அதே தடிகளோடு செடியின் வடகிழக்குப் பக்கத்திலே மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.